யாருக்கு முதல் மரியாதை?

(கோவில்பட்டியில் நடந்த பாராட்டு விழா ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் என் பேச்சைப் பொன்னாடைக்கு முன்னால் போட்டிருக்கிறார்கள். விவரமான ஏற்பாடு. பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்து முடிந்ததும் பாதி நாற்காலி காலியாகிவிடும் என்று விழாக்குழுவுக்குத் தெரியும். அதனால் கிடைத்த நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஊருக்கு உழைத்தவரை ஊர் எப்படிக் கௌரவிப்பது? யாருக்குச் செய்வது, எப்போது செய்வது, எதைச் சொல்லிச் செய்வது?

இந்தக் கேள்வி கோவில்பட்டிக்குப் புதிது இல்லை. 1924 முதல் 1932 வரை வ.உ.சிதம்பரம் பிள்ளை இந்த ஊரில்தான் வக்கீலாக இருந்தார். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர். 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை வாங்கியவர். கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தவர். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பர் 24-ஆம் தேதி கண்ணூர் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது வாசலில் காத்திருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய சிவா. தூத்துக்குடிக் கடற்கரையில் அவர் பேச்சைக் கேட்க ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம் நாலரை ஆண்டில் எங்கே போனது என்று கேட்டால், அது அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போயிருந்தது. நான் குற்றமாகச் சொல்லவில்லை. பயமும் இருந்திருக்கும்.

வக்கீல் சன்னதையும் அரசாங்கம் பறித்திருந்தது. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி எடுத்த முயற்சியால் அது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு வ.உ.சி. என்ன செய்தார் தெரியுமா? தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். மேடை கிடையாது, மாலை கிடையாது, பத்திரிகைக்காரர் கிடையாது. வீட்டில் ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் உதவி செய்தவர் நினைவுக்கு வருவார். கையில் காசில்லாத மனிதர் செய்த பாராட்டு விழா அது. எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய பாராட்டு விழாவை இந்தக் கரிசல் சீமை பார்க்கவில்லை.

சரி, அவருக்கு மற்றவர்கள் என்ன செய்தார்கள்? தென்னாப்பிரிக்காவில் கூலி வேலைக்குப் போயிருந்த நம் மக்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அந்தப் பணம் காந்தியிடம் வந்து சேர்ந்தது, காந்திக்கும் வ.உ.சி.க்கும் இடையே கடிதங்கள் போய் வந்து, ஒருவழியாக 1916-இல்தான் அது இவர் கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா. இந்தக் கதையை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்துச் சொன்னவர் ஆ.இரா.வேங்கடாசலபதி. கடல் தாண்டிப் போய்ப் பாடுபட்ட ஏழைகள், முகம் பார்த்திராத ஒரு மனிதருக்காகத் தங்கள் வருமானத்திலிருந்து எடுத்து வைத்தார்களே, அதைக் கவனியுங்கள். அவர்கள் அனுப்பியது அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்ட பொருள். நாம் 1972-இல், நூற்றாண்டு விழாவுக்கு, தபால்தலை வெளியிட்டோம். அப்போது அவர் இறந்து 36 வருஷம் ஆகியிருந்தது.

இங்கிருந்து எட்டயபுரம் ஒரு கூப்பிடு தூரம்தான். பாரதி 1921-இல் திருவல்லிக்கேணியில் இறந்தபோது சுடுகாடு வரை போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். பிறந்த ஊரில் அவருக்கு ஒரு மண்டபம் வேண்டும் என்று எழுத்தாளர் கல்கி தன் பத்திரிகையில் எழுதினார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள், ஒரு ரூபாய் அனுப்பியவரும் உண்டு. 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில் அவரே திறந்து வைத்தார். மணிமண்டபம் கட்டித் தரும்படி அரசாங்கத்துக்கு மனு எழுதுகிற வழக்கம் அப்போது இல்லை, அரசாங்கமே வெள்ளைக்காரனுடையதாக இருந்தது. ஊரார் காசில் கட்டினார்கள். இன்றைக்கு நாம் கட்டுகிற மண்டபங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணனுக்கு 2021 மே மாதம் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. மறு வருஷமே இந்த ஊரில் நினைவரங்கம் திறந்தாகிவிட்டது. அரசாங்கம் வேகமாகச் செய்தது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதில் நம் பங்கு என்ன? அங்கே நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். நம் பக்கத்தில் முதல் மரியாதை என்றாலே கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். கோவில் கொடையில் பரிவட்டம் யாருக்கு, திருநீறு முதலில் யார் நெற்றிக்கு, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்று எத்தனை ஊரில் வெட்டுக்குத்து, எத்தனை வழக்கு, எத்தனை ஆண்டு பூட்டிக்கிடந்த கோவில்கள். அந்த மரியாதைக்குத் தகுதி ஒன்றுதான். இன்ன வீட்டில் பிறந்திருக்க வேண்டும். அந்த ஆள் ஊருக்கு ஒரு வேப்பங்கன்று நட்டிருக்க வேண்டும் என்றுகூட யாரும் கேட்டதில்லை. பழைய காலத்தில் ஊர் மரியாதை எவ்வளவு மேன்மையாக இருந்தது என்று மேடையில் உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாதிப்பேர் அந்த மரியாதையைத் தெரு முனையில் நின்று பார்த்தவர்கள். உள்ளே வர அனுமதி இல்லாதவர்கள்.

வெள்ளைக்காரன் வந்து ராவ் சாகிப், ராவ் பகதூர் என்று கொடுத்தான். அது அவனுக்கு உதவியாக இருந்தவர்களுக்கு. சுதந்திர இந்தியா இரண்டையும் ஒதுக்கியது. பட்டங்களை ஒழிக்கிறோம் என்று அரசியல் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் எழுதி வைத்தது. பிறகு 1954-இல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. இது பட்டமா, விருதா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1995-இல் தீர்ப்பு வந்தது: கொடுக்கலாம், ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு இன்னும் நம் அச்சகங்களுக்கு வந்து சேரவில்லை என்று தெரியும்.

ஆக, பிறப்பைப் பார்த்துக் கொடுத்த மரியாதையைச் செயலைப் பார்த்துக் கொடுக்கும் மரியாதையாக மாற்றியது நம் குடியரசு. சின்ன மாற்றம் இல்லை இது. கரிசல் காட்டில் ஒரு சக்கிலியர் வீட்டுப் பிள்ளையும் ஜமீன்தார் பேரனும் ஒரே மேடையில் ஒரே மாதிரி சான்றிதழ் வாங்குகிறார்கள் என்றால் அதற்கு எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள். அப்படிக் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த ஒன்றை நாம் இப்போது எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

விருது வேண்டும் என்றால் விண்ணப்பிக்க வேண்டும். படிவம் வாங்கி, தன்னுடைய சேவையைத் தானே இரண்டு பக்கம் எழுதி, பத்திரிகைச் செய்திகளை ஜெராக்ஸ் எடுத்து, போட்டோக்களை ஆல்பமாக்கி, ஃபைல் போட்டு, ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். பத்ம விருதுக்கே இப்போது இணையதளத்தில் யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். கதவை எல்லோருக்கும் திறந்தது நல்லதுதான். முன்பு டெல்லியில் ஆள் தெரிந்தவர்களுக்கே வழி இருந்தது. ஆனால் யார் விட்டுப்போவார்கள் என்று பாருங்கள். ஜெராக்ஸ் எடுக்க பேப்பர் கட்டிங் இல்லாதவர் விட்டுப்போவார். தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சப்படுகிறவர் விட்டுப்போவார். எழுதவே தெரியாதவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்குப் பதிலாக நாம் எழுதியிருக்க வேண்டும். நாம் எழுதவில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. ‘தங்கள் சேவையைப் பாராட்டி விருதுக்குத் தேர்வு செய்துள்ளோம்’ என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். கீழே பதிவுக் கட்டணம் எவ்வளவு, எந்தக் கணக்கில் போட வேண்டும் என்றும் இருக்கும். கட்டினால் கேடயம், கூடக் கொஞ்சம் கட்டினால் டாக்டர் பட்டமே. நம் பகுதியில் இப்போது ஊசி போடத் தெரியாத டாக்டர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இதில் நஷ்டம் அசல் ஆளுக்கு. கள்ள நோட்டு புழங்கும் சந்தையில் நல்ல நோட்டையும் ஆட்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் வாங்குவார்கள்.

கண்ணுக்கே தெரியாத சேவை ஒன்றைச் சொல்கிறேன். நம் சீமையில் ஆறு கிடையாது. வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் மாடு கன்றுக்குத் தண்ணீர், கிணற்றில் ஊற்று. ராத்திரி முழுக்க மழை அடிக்கும்போது ஊர் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். மடைக்காரர் மட்டும் கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மண்வெட்டியும் டார்ச் லைட்டுமாகக் கரையில் நடந்துகொண்டிருப்பார். அவர் தண்ணீர்ப் பக்கம் பார்க்க மாட்டார். கரையின் வெளிச்சரிவைப் பார்ப்பார். நண்டு வளை வழியாகவோ எலி வளை வழியாகவோ கசிவு வருகிறதா? வருகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? தெளிவாக வந்தால் விடியும்வரை பொறுக்கலாம். கலங்கலாக வந்தால் உள்ளே கரை மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உடனே ஊரை எழுப்ப வேண்டும். வைக்கோல், முள், பனையோலை, களிமண் என்று கிடைத்ததைப் போட்டு மிதிக்க வேண்டும். கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளந்து கிடக்கும், முதல் மழையில் அந்த வெடிப்பு வழியேதான் தண்ணீர் உள்ளே போகும்; அதனால் கோடையிலேயே கரையின் வெடிப்புகளை மண் தள்ளி அடைத்து வைத்திருப்பார். இதற்கு அவருக்கு அந்தக் காலத்தில் களத்தில் ஒரு பங்கு தானியம் அளந்தார்கள். சில ஊரில் மானியமாகக் கொஞ்சம் நிலம்.

உருளைகுடி சோ.தர்மன் இந்த வாழ்க்கையைத்தான் ‘சூல்’ நாவலில் எழுதினார். 2019-இல் சாகித்திய அகாடமி விருது அதற்குக் கிடைத்தது. நமக்குப் பெருமை. இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு அந்த விருது நாலாவது: கு.அழகிரிசாமிக்கு 1970-இல், அவர் இறந்த பிறகு, கி.ரா.வுக்கு 1991-இல், பூமணிக்கு 2014-இல், பிறகு தர்மனுக்கு. கண்மாயைப் பற்றி எழுதியவரை டெல்லி வரை தெரிகிறது. எழுதியவர் தகுதியானவர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் கேட்பது வேறு. கண்மாயைக் காத்தவருக்கு நாம் என்ன செய்தோம்? கரை உடைந்தால் பேப்பரில் வரும், கலெக்டர் வருவார், நிவாரணம் வரும். உடையாமல் பார்த்துக்கொண்டவருக்கு எந்தச் செய்தியும் கிடையாது, ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை! ஜெராக்ஸ் எடுக்க என்ன இருக்கிறது? தடுப்பூசிக்கு வீடு வீடாகப் போன கிராம செவிலியர், பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கப்போன பிள்ளையை வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்த வாத்தியார், சாக்கடையை மழைக்கு முன்பே தூர்வாரிய துப்புரவுத் தொழிலாளி எல்லோரும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். வராமல் தடுத்த கெடுதலுக்குச் சாட்சி கிடையாது. பக்கத்தில் இருந்து பார்த்த ஆள்தான் சாட்சி.

தண்ணீர் தந்தவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தேனிப் பக்கம் போய்ப் பாருங்கள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பிறந்தநாள் ஜனவரி 15. விவசாயிகள் அவர் படத்துக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். 1895-இல் திறந்த அணை அது. லோயர்கேம்பில் அரசாங்கம் மணிமண்டபம் திறந்தது 2013-இல்தான். அரசாங்கம் செய்வதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, வயலுக்குத் தண்ணீர் பாயும்போதெல்லாம் அவரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்ல வேண்டும். சாத்தான்குளம் பக்கத்து பூல்பாண்டியன். பிச்சை எடுக்கிறவர். ஊர் ஊராகப் போய், கிடைக்கிற காசைச் சேர்த்து, பள்ளிக்கூடங்களுக்கு மேசை நாற்காலி வாங்கவும் மற்ற செலவுக்கும் கொடுத்துவந்தார். 2020-இல் கொரோனா ஊரடங்கில் மதுரையில் மாட்டிக்கொண்டார். பத்தாயிரம் ரூபாய் சேரும்போதெல்லாம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கட்டினார். மறுபடி சேர்த்தார், மறுபடி கட்டினார். அந்த ஆகஸ்டில் மதுரை கலெக்டர் அவருக்குச் சமூக சேவகர் விருது கொடுத்தார். நான் அந்தக் கலெக்டர் அலுவலகத்தை மனமாரப் பாராட்டுகிறேன். வீடில்லை, விலாசமில்லை, விண்ணப்பப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவரும் அவர்கள் கண்ணில் பட்டார்.

பாராட்டியதோடு கைகழுவிவிடக் கூடாது என்பதற்கும் மதுரைப் பக்கமே உதாரணம் இருக்கிறது. களஞ்சியம் சின்னப்பிள்ளை. கூலிக்குப் போகும் பெண்களைச் சேர்த்துச் சேமிப்புக் குழு நடத்தியவர். 2001-இல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. அதே சின்னப்பிள்ளை 2024-இல், எனக்குச் சொன்னபடி வீடு கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி வெளியே வந்த பிறகு முதலமைச்சர் வீடு கட்டித்தர உத்தரவிட்டார். காலில் விழுந்த படத்துக்கும் வீட்டு உத்தரவுக்கும் நடுவில் 23 வருஷம். எத்தனை மேடைகளில் அந்த அம்மாவுக்குச் சால்வை போட்டிருப்பார்கள்! போட்டவர்களில் ஒருவராவது, ஆத்தா, மழைக்கு வீடு ஒழுகுதா என்று கேட்டிருக்கலாம்.

இதற்கு நேர் மாறாக, நாம் கொடுப்பதை வாங்கி நமக்கே திருப்பித் தந்த இரண்டு பேர் இந்த மாவட்டத்துக்காரர்கள். தமிழ்நாடு அரசு 2021-இல் ‘தகைசால் தமிழர்’ என்ற விருதைத் தொடங்கியது. முதல் விருது சுதந்திரப் போராட்ட வீரரும் கம்யூனிஸ்ட் தலைவருமான என்.சங்கரய்யாவுக்கு. அவர் பிறந்தது இந்தக் கோவில்பட்டியில், 1922 ஜூலை 15-ஆம் தேதி. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவரை 1941-இல், கடைசிப் பரீட்சைக்கு முன்பாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பட்டம் போனது போனதுதான். பிறகு பல சிறை. 1947 ஆகஸ்ட் 14-ஆம் தேதிதான் விடுதலை, மறுநாள் நாட்டுக்கு. விருதோடு வந்த பத்து லட்ச ரூபாயைக் கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு விருது இரா.நல்லகண்ணுவுக்கு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். அவர் பத்து லட்சத்தோடு தன் கையிலிருந்து ஐயாயிரமும் சேர்த்து முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். கணக்குப் பார்த்தால், விருது வாங்கியதில் அவருக்கு ஐயாயிரம் ரூபாய் கைநஷ்டம்.

சங்கரய்யா கதையில் இன்னொரு பகுதி உண்டு. பறிபோன பட்டத்துக்கு ஈடாக மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்க முடிவு செய்தது. வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. 2023 நவம்பர் 2-ஆம் தேதி பட்டமளிப்பு விழா அவர் பெயர் இல்லாமலே நடந்தது; உயர்கல்வி அமைச்சர் விழாவைப் புறக்கணித்தார். நவம்பர் 15-ஆம் தேதி சங்கரய்யா காலமாகிவிட்டார். இதில் அரசியல் சண்டை இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. கம்யூனிசம் பிடிக்காதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஆனால் ஒரு மனிதர் இருபது வயதுகூட நிரம்பாத வயதில் எதை இழந்தார், எதற்காக இழந்தார் என்பது ஏட்டில் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள அவர் கட்சியை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. காசுக்கு டாக்டர் பட்டம் விற்கும் ஊரில் அவருக்கு மட்டும் அது எட்டவில்லை.

நல்லகண்ணு 2010-இல் தாமிரபரணி மணல் கொள்ளைக்கு எதிராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடித் தடை உத்தரவு வாங்கினார். அப்போது அவருக்கு எண்பது வயதுக்கு மேல். 2019-இல் சென்னையில் அவர் வாடகைக்கு இருந்த அரசுக் குடியிருப்பை இடிக்கப்போகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரிய சத்தமாகி, அவருக்கு மாற்று வீடு தருகிறோம் என்று அரசு சொன்னபோது, அங்கே குடியிருந்த மற்றவர்களுக்கும் கொடுங்கள் என்றார். அந்தக் குடியிருப்பில்தான் முன்னாள் அமைச்சர் கக்கனின் குடும்பமும் இருந்தது.

இதுவரை தனி ஆட்களைப் பற்றியே பேசிவிட்டேன். ஒரு ஊரே சேர்ந்து செய்தால் யாருக்குப் பொன்னாடை? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. நமக்கு ஒரு வருஷம் பெய்தாலும் அவ்வளவு வராது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ராத்திரி ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மீதிப் பேர் ரயிலிலேயே, நாலு பக்கமும் தண்ணீர், கரண்ட் கிடையாது, போன் கிடையாது. பக்கத்து ஊர் புதுக்குடி. அங்கேயும் வெள்ளம்தான். அந்த ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசி பருப்பை எடுத்துக் கோவிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். ரயிலில் வந்த ஒருவரும் அவர்களுக்குச் சொந்தமில்லை. 19-ஆம் தேதி பயணிகளை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுவந்து தனி ரயிலில் அனுப்பி வைக்கும்வரை அந்த அடுப்பை அணைய விடவில்லை.

இதில் யாரை மேடைக்குக் கூப்பிடுவீர்கள்? அரிசி கொடுத்தவரையா, விறகு காயவைத்தவரையா, இடுப்பளவுத் தண்ணீரில் குண்டாவைத் தலையில் சுமந்து போனவரையா? ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர்கள் முகம் சுண்டும். ஊர்த் தலைவரைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்துவிடுவது சுலபமான வழி, நாம் வழக்கமாகச் செய்வது. ஊருக்கே மரியாதை செய்ய வழி இருக்கிறது. நம் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வந்ததே, அது எந்த ஒரு கடைக்காரருக்கும் வரவில்லை. ஊர் பெயருக்கு வந்தது. வெல்லப்பாகின் பதம் தெரிந்த அத்தனை கைக்கும் சேர்ந்தது அது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கல் நட்டு, இன்ன தேதியில் இன்ன வெள்ளத்தில் இந்த ஊரார் இன்னது செய்தார்கள் என்று நாலு வரி வெட்டி வைக்க எவ்வளவு செலவாகும்? திறந்து வைத்தவர் பெயரைப் பெரிதாகவும் மற்றதைச் சின்னதாகவும் வெட்டாமல் இருந்தால் சரி.

விழாக்குழுவிடம் சில காரியம் கேட்டிருக்கிறேன். ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உங்கள் முன்னிலையில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷத்திலிருந்து இந்த விழாவுக்கு விண்ணப்பம் வாங்குவதில்லை. நூலகத்தில் ஒரு நோட்டு இருக்கும். யாரும் போய் எழுதலாம், தன்னைப் பற்றியோ தன் குடும்பத்தாரைப் பற்றியோ எழுதக்கூடாது. எழுதத் தெரியாதவர் சொன்னால் நூலகர் எழுதிக்கொள்வார். ‘சிறந்த சமூக சேவகர்’, ‘தன்னலமற்ற தொண்டர்’ என்றெல்லாம் எழுதினால் சேர்த்தி இல்லை. எந்த வருஷம், எந்தத் தெரு, என்ன செய்தார், யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். எழுதியவர் விழாவுக்கு வந்து அதை மேடையில் சொல்ல வேண்டும். பொன்னாடை வேண்டாம், ஒருமுறை போர்த்தியது அடுத்த வாரம் இன்னொரு விழாவில் இன்னொருவர் தோளில் ஏறும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அந்தக் காசுக்கு அவருக்கு என்ன தேவை என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்கிக் கொடுக்கலாம். கண் ஆபரேஷனாக இருக்கலாம், கூரைக்குத் தகரமாக இருக்கலாம், அவர் நடத்தும் மாலை வகுப்புக்கு இரண்டு பெஞ்சாக இருக்கலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் நோட்டில் எழுதிவிடலாம்.

இந்த வருஷத்துப் பொன்னாடைகளை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், அது என்னால் தடுக்க முடியாத செலவு. ஆனால் வரிசையை மாற்றச் சம்மதித்திருக்கிறார்கள். இன்று பாராட்டுப் பெறுகிற ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் தெருவில் குடியிருக்கும் ஒருவர் இரண்டு நிமிஷம் பேசுவார், பிறகுதான் சால்வை. முதலில் மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலை கட்டியிருக்கிற அம்மா பேசப்போகிறார்கள். மேடையில் பேசிப் பழக்கமில்லையாம், அங்கேயே உட்கார்ந்து பேசட்டும். தம்பி, அந்த மைக்கைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுப்பா.